மார்ச் 22 எந்த வருஷத்தில்?

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்குக் கொல்லம் ஆண்டுக் கணக்கு தெரியும். இங்கே ஆண்டு பிறப்பது ஆவணி முதல் தேதி. கொல்லம் 1000 ஆவணி என்றால் 824-ஐக் கூட்டி கி.பி. 1824. அதே ஆண்டு தை பிற்பகுதி என்றால் 825-ஐக் கூட்டி 1825. இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டுகிறவர், தகப்பன் இறந்த பிறகு மகனுக்கு எழுதிக் கொடுத்ததாகக் குடும்ப வரலாற்றைக் குழப்பிவிடுவார்.

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பதிவேட்டிலும் இதே கண்ணிதான். அங்கே 1752-க்கு முன்புவரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதியதெல்லாம் முந்தைய ஆண்டின் கணக்கில் நிற்கும். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அதே வழக்கம்தான் போயிற்று.

ஆன் ஹட்சின்சன் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்குப் போய், அங்கிருந்த போதகர்களின் உபதேசத்தைத் தன் வீட்டுக் கூட்டங்களில் துணிந்து விமர்சித்தவர். அவரை நாடு கடத்தச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1637 நவம்பரில். பாஸ்டன் சபை அவரை நீக்கியது அடுத்து வந்த மார்ச் 22-ல். பழைய கணக்கில் அதுவும் 1637-தான். அப்படியே எடுத்து எழுதினால் சபை நீக்கம் முதலில், தீர்ப்பு எட்டு மாதம் கழித்து என்று ஆகிவிடும். நம் கணக்கில் அது 1638. ஆகவே 1637/38 என்று இரண்டையும் எழுதுவதே முறை. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால், பின்னால் படிப்பவர் அது ஏற்கெனவே திருத்தியதா, திருத்தாததா என்று தெரியாமல் இன்னொரு முறை ஒன்றைக் கூட்டிவிடுவார்.

அடுத்த சிக்கல், பெண்ணின் பிறந்த வீடு. கல்யாணத்துக்குப் பிறகு எங்கும் புருஷன் பெயரோடுதான் வருவார். நம் பக்கம் ஒரு நல்ல துப்பு உண்டு: தலைப்பிரசவம் தாய்வீட்டில். பூட்டியின் ஊர் தெரியவில்லையா, அவருடைய மூத்த பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு எந்தச் சபையில் இருக்கிறது என்று பாருங்கள். தகப்பன் ஊர்ச் சபையில் இல்லாத மூத்த பிள்ளை, பல நேரம் ஆச்சி ஊர்ச் சபையில் கிடைக்கும். இந்தப் பக்கத்துச் சபைகளில் தேடுகிறவர்கள் இதை முதல் வேலையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்தத் துப்பு உதவாது. ஆனின் மூத்த மகன் எட்வர்டு 1613 மே மாதம் ஞானஸ்நானம் பெற்றது தகப்பன் தொழில் செய்த ஆல்ஃபோர்டில், லிங்கன்ஷயரில். அங்கே பெண் வீட்டைக் காட்டுவது கல்யாணப் பதிவு. பெண்ணின் சபையில் கல்யாணம் நடப்பது வழக்கம். ஆனும் (பிறந்த வீட்டுப் பெயர் மார்பரி) 1591 ஜூலை 20-ல் ஆல்ஃபோர்டில்தான் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பன் பிரான்சிஸ் மார்பரி குருவானவர். புருஷன் வில்லியம் ஹட்சின்சனும் அதே ஊர்த் துணி வியாபாரி. ஆனாலும் கல்யாணத்தை ஆல்ஃபோர்டில் தேடினால் கிடைக்காது. மார்பரி குடும்பம் 1605-ல் லண்டனுக்குப் பெயர்ந்துவிட்டது. கல்யாணம் 1612 ஆகஸ்ட் 9-ல், லண்டன் செயின்ட் மேரி வுல்நாத் கோவிலில். நம் 19-ம் நூற்றாண்டு விவாகப் பதிவேட்டில் தகப்பன் பெயர், ஊர், சாட்சிக் கையெழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். 1612-ல் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அதனால் பெயரை மட்டும் நம்பாமல், முன்னும் பின்னும் உள்ள ஞானஸ்நானப் பதிவுகளோடு கோத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒரே பெயர். நம் வீடுகளில் நாலு அண்ணன் தம்பியும் தங்கள் மூத்த மகளுக்கு ஆத்தாள் பெயரையே இடுவார்கள். ஒரே சபையில் ஒரே வருஷத்தில் மூன்று ஞானம்மாள் வந்து நிற்பார்கள். தகப்பன் பெயரும் தொழிலும்தான் பிரித்துக் காட்டும்: பனையேறியா, உபதேசியாரா. ஆகவே நகல் எடுக்கும்போது பெயரும் தேதியும் போதும் என்று நிறுத்தாதீர்கள்; வரி முழுவதையும், எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல், எடுங்கள். மேலும் கீழும் மும்மூன்று வரியும் சேர்த்து எடுங்கள். பக்கத்து வரியில் சித்தப்பா பிள்ளை இருக்கும்.

இங்கிலாந்தில் குழப்பம் வேறு விதம். செத்துப்போன பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். ஆன் 15 பிள்ளைகளின் தாய். அதில் சூசன்னா இரண்டு பேர். மூத்தவளுக்கு ஞானஸ்நானம் 1614-ல். 1630-ல் ஆல்ஃபோர்டில் கொள்ளைநோய் வந்தபோது இறந்தாள். இளையவளுக்கு 1633 நவம்பரில். அடுத்த ஆண்டே குடும்பம் கிரிஃபின் கப்பலில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. 1643-ல் டச்சுக்காரர் ஆளுகைக்குட்பட்ட பகுதியில், பூர்வகுடிகளுக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த சண்டையில் ஆனும் உடனிருந்த பிள்ளைகளும் கொல்லப்பட, சிறைபிடிக்கப்பட்டு உயிர் தப்பியவள் இந்த இளைய சூசன்னாதான். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி, 1651-ல் ஜான் கோல் என்பவரை மணந்தாள். அடக்கப் பதிவேட்டைப் பார்க்காமல் 1614-ன் சூசன்னாவை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் மணப்பெண்ணுக்கு வயது 37. உண்மையில் அவளுக்கு 18.