கபடித் திடல் குறிப்புகள்: விசிலுக்கு முந்தைய 20 நிமிடம்

டிசம்பர் 15, திங்கள்

காலை 5.30. பனி ஈரம், மண் இறுகிக் கிடக்கிறது. இந்தக் குளிருக்கு 20 நிமிட வார்ம்-அப் வேண்டும். முதல் 6 நிமிடம் மெல்லோட்டம் மட்டும். திடலைச் சுற்றி வட்டமடிக்க வேண்டாம். கபடியில் யார் வட்டமாக ஓடுகிறார்கள்? 10 மீட்டர் அகலத்துக்குள் முன்னோட்டம், பின்னோட்டம், பக்கவாட்டு நகர்வு என்று மாற்றி மாற்றி. கடைசி 2 நிமிடம் ‘கபடி கபடி’ பாடிக்கொண்டே ஓட வேண்டும். பாட்டு அறுந்தால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். பிடரியில் வியர்வை துளிர்க்கும்வரை டிராக் பேண்ட் காலிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

உட்கார்ந்து கால்விரலைப் பிடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருப்பது பல திடல்களில் இன்னும் ஒழியவில்லை. ஒரே தசையை 60 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே பாய்ந்தால் பாய்ச்சலின் விசை சற்றுக் குறையும். அதெல்லாம் ஆட்டம் முடிந்தபின். இப்போது அசைந்துகொண்டே நீட்டுவதுதான்: கால் வீச்சு பக்கத்துக்கு 10, நடந்தபடி லஞ்ச் (lunge: ஒரு காலை எட்டி வைத்து முட்டி மடக்கித் தாழ்வது) 8, பக்கவாட்டு லஞ்ச் 8. கடைசியாகச் சொன்னதைக் கார்னர் ஆட்டக்காரர் (பிடிக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) விட்டுவிட்டால் தொடையிடுக்கு பிடித்துக்கொள்ளும். கழுத்தைச் சக்கரமாகச் சுழற்றாமல் இடம், வலம், கீழ் என்று திருப்பினால் போதும்.

டிசம்பர் 18, வியாழன்

ரெய்டரின் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவரின்) முன் உதையில் கால் முழுதாக நீளும் கணத்தில் பின்தொடைத் தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. சூடேறாத தசை பிடித்துக்கொள்வதும் கிழிவதும் அங்கேதான். அதனால் முதல் 5 உதை முட்டி உயரம், அடுத்த 5 இடுப்பு உயரம்.

பிறகு நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் கடந்தாக வேண்டிய பாக் லைனுக்கு, அந்த 3.75 மீட்டர், போய்த் தொட்டுத் திரும்புதல்: பாதி வேகம் 2, முக்கால் வேகம் 2, முழு வேகம் 1. பார்க்க வேண்டியது திரும்பும்போது ஊன்றும் காலை. பாதம் வெளியே பார்க்க, முட்டி உள்ளே சாய்ந்தால் முட்டியின் தசைநாருக்கு ஆபத்து. ஒரே பெரிய எட்டில் நிற்க முயல்வதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு மூன்று குட்டி எட்டு வைத்து, இடுப்பைத் தாழ்த்தித் திரும்பச் சொன்னால் சரியாகும்.

பிடிப்பவர்களுக்குக் கரடி நடை (கையும் காலும் ஊன்றி நடப்பது) 10 மீட்டர் 2 முறை, விரல், மணிக்கட்டு அசைவுகள், கடைசியில் ஜோடியாக அரை பலத்தில் கணுக்கால் பிடி 3.

டிசம்பர் 21, ஞாயிறு (போட்டி)

முந்தைய ஆட்டம் இழுக்கும் என்பது தெரிந்ததே. சீக்கிரம் தொடங்கி, வியர்த்து, 15 நிமிடம் சும்மா உட்கார்ந்தால் ஏற்றிய சூட்டில் பெரும்பங்கு போய்விடும். முந்தைய ஆட்டத்தின் இடைவேளை முடிந்ததும் மெல்லோட்டத்தைத் தொடங்கினால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். அதற்குமேல் தாமதமானால் ஜெர்சி மேல் சட்டை, 3 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி துள்ளல்.

மாற்று ஆட்டக்காரர்களை யாரும் கவனிப்பதில்லை. பெஞ்சில் குளிர்ந்துபோனவர் உள்ளே போனதும் முதல் ரெய்டுக்கே அனுப்பப்படுகிறார். 5 நிமிட இடைவேளையில் அவர்கள் உட்காரக் கூடாது: ஒரு நிமிடம் ஓட்டம், 5 உதை, 2 திரும்பல்.