பழைய டி42-இல் இருந்து 40 ஜிபி: இமேஜ் எடுத்தாச்சு, பாமினி பாக்கி

ஒருவழியாக இமேஜ், அதாவது பெரியப்பாவின் பழைய லேப்டாப் டிஸ்க்கின் முழு நகல், எடுத்து முடிந்தது. 40 ஜிபி டிஸ்க்கில் மீட்க முடியாமல் போனது சில கிலோபைட்டுகள்தான். அவை எந்தக் கோப்புக்குள் விழுந்திருக்கின்றன என்று என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற லினக்ஸ் கருவியை வைத்துத் தேடினேன். முக்கால்வாசி விண்டோஸ் எக்ஸ்பியின் பேஜ்ஃபைலுக்குள், அதாவது நினைவகம் போதாதபோது அது எழுதிக்கொள்ளும் தற்காலிகக் கோப்புக்குள். கெட்டுப்போவதற்கு அதைவிட நல்ல இடம் ஒரு டிஸ்க்குக்குக் கிடைக்காது. மிச்சம், யாரோ வீட்டு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் போட்டோ ஒன்றில். போகட்டும்.

லேப்டாப் பெரியப்பாவுடையது. ஐபிஎம் திங்க்பேட் டி42, 2004 மாடல், பென்டியம் எம். பெரியப்பா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோவில்பட்டியில் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சங்கத்து ஆண்டறிக்கை, எங்கள் வம்சாவளி என்று எல்லாமே இதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் என் புது டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவர வேண்டும். "அது கிடக்கட்டும்டா, பேப்பரில் இருக்கு" என்றார் பெரியப்பா. பேப்பரைப் பெரியம்மா பரணில் தேடிப் பார்த்துவிட்டு, என்னைப் போனில் கூப்பிட்டார்.

நெட்வொர்க் வழியாக இழுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. வலிய இயக்கலாம், என் முதன்மைக் கணினியில் அதைச் செய்ய மனசில்லை. அதோடு டிஸ்க் 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்திருந்தது. தட்டுகிற டிஸ்க்கில் எக்ஸ்பியைத் திரும்பத் திரும்ப பூட் செய்வது, அந்த டிஸ்க்கின் மேலேயே பேஜ்ஃபைலையும் ரெஜிஸ்ட்ரியையும் எழுத வைப்பதுதான். ஆகவே டிஸ்க்கைக் கழற்று, முழு இமேஜ் எடு, பிறகு இமேஜிலிருந்து கோப்புகளை எடு. வேறு பேச்சே இல்லை.

(ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். உள்ளே சுழலும் தட்டின் மேல் ஈரம் படிந்தால் மிச்சமும் போய்விடும்.)

கழற்றுவது ஒரே ஒரு திருகு. நாணயத்தை வைத்தே திருப்பலாம், டிஸ்க் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இப்போது வரும் லேப்டாப்புகளில் பின்மூடியைத் திறக்க கிட்டார் பிக் தேட வேண்டியிருக்கிறது.

உள்ளே இருப்பது 2.5 இன்ச் ஐடிஈ (சாட்டாவுக்கு முந்தைய டிஸ்க் இணைப்பு முறை), 44 பின். 3.5 இன்ச்சின் 40 பின் கேபிள் இதற்குச் சேராது, பின் இடைவெளியே வேறு. இது 2 மில்லிமீட்டர். கடைசி நான்கு பின்களில்தான் மின்சாரம். சென்னை ரிச்சி தெருவில் இதை யூஎஸ்பியில் மாட்ட அடாப்டர் தேடினால் எல்லோரும் சாட்டாவைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஐடிஈ என்றதும் ஒரு கடைக்காரர் சிரித்தார்: "சார், மியூசியத்துல கேளுங்க." அவரிடமே ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் இருந்தது, அது வேறு விஷயம். தேடுபவர்கள் பிரதான தெருவில் நேரத்தை வீணாக்காமல், பழைய லேப்டாப்பை உடைத்துப் பாகம் விற்கும் மாடிக் கடைகளுக்குப் போங்கள். டி40 வரிசையின் டிஸ்க் மூடி, கீல், கீபோர்டு கூட அங்கே கிடைக்கிறது. நான் போனது அடாப்டருக்கு, வந்தது கீபோர்டோடு.

அடாப்டரில் மாட்டி, டெஸ்க்டாப்பில் லினக்ஸில், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட விட்டேன். முதல் சுற்றில் '-n' சுவிட்ச், அதாவது கெட்ட இடத்தைச் சுரண்டாதே, நல்லதை முதலில் அள்ளு. அருமையாகப் போனது. பாதி தாண்டியதும் டிஸ்க் ஒரு தட்டு தட்டியது. அடாப்டர் மயங்கி விழுந்தது.

இங்கேதான் விஷயமே. கெட்ட செக்டரில் மோதினால் டிஸ்க் சில விநாடிகள் உள்ளுக்குள்ளேயே மறுபடி மறுபடி முயன்று, பிறகுதான் "முடியவில்லை" என்று சொல்லும். அடாப்டருக்குள் ஐடிஈயை யூஎஸ்பி ஆக்கும் மலிவான பிரிட்ஜ் சிப்புகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்குள் லினக்ஸின் மையமான கெர்னலும் பொறுமை இழந்து ரீசெட் அனுப்பும். டிஸ்க் இணைப்பு அறுந்து, லினக்ஸில் எஸ்டிபி என்ற பெயரில் இருந்தது எஸ்டிசி என்று புதுப் பெயரோடு வந்து நிற்கும். டிடிரெஸ்க்யூவோ பழைய பெயரையே தட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஆளே இல்லை என்பதால் ஒவ்வொரு ரீடும் கண்மூடித் திறப்பதற்குள் பிழை என்று திரும்பும். அது அத்தனையையும் கெட்ட இடம் என்று, எது மீண்டது எது இல்லை என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலில் எழுதித் தள்ளிவிடும். வேகம் திடீரென்று கூடினால் சந்தோஷப்படாதீர்கள்.

நல்லவேளை, மேப்ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான். கூட்டல் குறி மீட்டது, கழித்தல் குறி கெட்டது, கேள்விக்குறி இன்னும் தொடாதது, நட்சத்திரம் ஓரம் பார்க்க வேண்டியது, சாய்கோடு சுரண்ட வேண்டியது. மீட்டவை அப்படியே நிற்கும். நட்சத்திரமும் சாய்கோடும் ஆனவற்றை 'ட்ரை அகெய்ன்' சுவிட்ச் மறுபடி கேள்விக்குறி ஆக்கிவிடும். பெயர் மாறும் தொல்லைக்கு, எஸ்டிபி என்று கொடுக்காமல் பை-ஐடி அடைவில் இருக்கும் நீளப் பெயரைக் கொடுக்க வேண்டும். டிஸ்க் எத்தனை முறை விழுந்து எழுந்தாலும் அந்தப் பெயர் மாறாது.

இதெல்லாம் செய்தும் பிரிட்ஜ் அதே இடத்தில் விழுந்தது. ரிவர்ஸ் சுவிட்ச் போட்டுப் பின்பக்கமிருந்து வந்தேன். நிறைய கிடைத்தது, ஆனால் அந்தப் பக்கமிருந்து வந்து அதே பள்ளத்தில் விழுந்தது. முன்பக்க யூஎஸ்பி, பின்பக்க யூஎஸ்பி, தனி மின்சாரம் எல்லாம் பார்த்தாயிற்று. யூஎஸ்பி 2-இல் 500 மில்லிஆம்ப், 3-இல் 900; டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது இழுப்பது இன்னும் கூட. ஆனால் இங்கே மின்சாரம் பிரச்சினை இல்லை. பிரிட்ஜ்தான் பிரச்சினை.

ஆக, நடுவில் பிரிட்ஜே இல்லாமல் ஐடிஈ கண்ட்ரோலரில் நேராக மாட்ட வேண்டும். என்னிடம் ஐடிஈ கண்ட்ரோலர் உள்ள இயந்திரம் எது? டி42தான். டிஸ்க்கைத் திரும்ப அதிலேயே சொருகி, எக்ஸ்பியைத் தொடாமல், பென்டிரைவில் இருந்து லினக்ஸை பூட் செய்து அங்கேயே டிடிரெஸ்க்யூ.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை. இந்தத் தலைமுறை பென்டியம் எம்மில் பிஏஈ வசதி (32 பிட் சிப் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள உதவுவது) இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்று சிப் வெளியே சொல்லாது. பிஏஈ கேட்கும் 32 பிட் கெர்னல்கள் "இந்தச் சிப்பில் ஓடமாட்டேன்" என்று நின்றுவிடும். பூட் வரியில் 'ஃபோர்ஸ்பிஏஈ' சேர்த்தால் சிலவற்றில் ஓடும். நான் அந்த வம்புக்கே போகவில்லை. பழைய கணினிகளிலும் ஓடும் லினக்ஸான ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பில் பிஏஈ கேட்காத கெர்னல் வருகிறது. ஒரே தடவையில் பூட் ஆனது. 2004-இல் செய்த ஒரு பொருளுக்கு இன்றைக்கும் ஒருவர் கெர்னல் கட்டித் தருகிறார் என்றால், அவருக்கு ஒரு கும்பிடு.

இமேஜ் போய் விழ வெளி ஹார்ட் டிஸ்க். அதை லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்துகொண்டேன். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி தொட்டதும் கோப்பு நின்றுவிடும். அதே மேப்ஃபைலைக் கொடுத்துத் தொடர்ந்தேன். அதே பள்ளம் வந்தது. டிஸ்க் தட்டியது. டிடிரெஸ்க்யூ கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரே ஒரு பிழையை எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவியது. எதுவும் அறுந்து விழவில்லை. ஐடிஈ என்று சிரித்த கடைக்காரரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிழைகள் தொடர்ந்து வந்தால் கெர்னல் அந்த டிஸ்க்கின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல இடத்துக்கு வந்த பிறகும் ஆமை வேகத்திலேயே போனால், நிறுத்தி, ரீபூட் செய்து, மேப்ஃபைலோடு தொடருங்கள். சுரண்டும் சுற்றை ராத்திரி ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். நான் தூங்கவில்லை, சாய்கோடுகள் ஒவ்வொன்றாகக் கூட்டல் குறி ஆவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு போதை.

இமேஜை டெஸ்க்டாப்பில் லூப் டிவைஸாக (ஒரு கோப்பையே டிஸ்க் போல), ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்ய, 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' அப்படியே திறந்தது. விண்டோஸில் திறந்திருந்தால் "அனுமதி இல்லை" என்று ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும். தேதிகள் மாறாமல் நகலெடுத்தேன். 2005-இல் அடித்த பத்திரிகை 2005 என்றே காட்டுகிறது.

கோப்புகள் வந்தாயிற்று. திறந்தால்? தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. பாமினி!

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. டைப்ரைட்டர் பழகிய கைகளுக்கு பாமினிதான் சுகம், விசைகள் ஏறக்குறைய அதே இடத்தில். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துருவையும் எக்ஸ்பியின் ஃபான்ட்ஸ் அடைவில் இருந்தே எடுத்துப் புதியதில் போட்டுவிட்டேன், படிக்க முடிகிறது. ஆனால் தேட முடியாது, போனில் அனுப்ப முடியாது. எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றிகள் பல இருக்கின்றன. வெறும் டெக்ஸ்ட்டை ஒட்டினால் மாற்றித் தருகின்றன. ஆனால் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் ஆங்கிலத்தில் இருக்குமே? அதுவும் சேர்ந்து மாறி, பி.எஸ்சி.க்கு அடுத்த காற்புள்ளி 'இ' ஆகிவிடுகிறது, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளி விசைதான் இ. அதனால் லிப்ரே ஆபீஸில் மேக்ரோ எழுதுகிறேன்: ஒவ்வொரு துண்டின் எழுத்துருப் பெயரையும் பார், பாமினி என்றால் மட்டும் மாற்று. எங்காவது பாதி எழுத்துக்கு மட்டும் போல்டு போட்டிருந்தால் கொம்பு ஒரு துண்டிலும் எழுத்து அடுத்த துண்டிலும் போய்விடும். ஆகவே ஒரே எழுத்துரு உள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் இணைக்க வேண்டும்.

இன்னொரு பழைய தலைவலி, இணையத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்று வரும். காரணம், பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள'வும் ஒரே விசை. கொம்பு, எழுத்து, ள என்று வந்தால் மாற்றி கண்ணை மூடிக்கொண்டு ஔகாரம் ஆக்கிவிடுகிறது. அந்த விதியை எடுத்துவிட்டால் 'கௌரவம்' 'கெளரவம்' ஆகிறது. என் தீர்வு: அதற்கு அடுத்த விசையைப் பார். புள்ளியோ, கால், கொக்கி போன்ற குறியோ இருந்தால் அது 'ள'. புள்ளியும் குறியும் இல்லாமல் அடுத்த எழுத்து வந்தால் ஔகாரம். வெள்ளி, வெளி, தெளிவு எல்லாம் தப்பித்தன. சௌந்தரம், பௌர்ணமி, மௌனம் சரியாக வந்தன. இதுவரை ஓட்டிய கோப்புகளில் ஒரு பிசகும் இல்லை. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவுக்கும் ஒரு சபாஷ். வேர்டில் ஆட்டோகரெக்டை அணைத்து வைத்திருந்தார். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தும் கேப்பிட்டல் ஆகி, 'த' இருந்த இடத்தில் 'து' வந்து, தமிழ் துமிழ் ஆகியிருக்கும்.

பாக்கி இருப்பது: பத்திரிகைகளில் பாதி டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருக்கிறது. மேக்ரோ உடற்பகுதியில் மட்டும் நடக்கிறது, பாக்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அதைத் தனியாகச் சுற்றவிட வேண்டும். கோயில் நோட்டீஸ்கள் பேஜ்மேக்கர் (பழைய அச்சுப் பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள். லிப்ரே ஆபீஸ் டிராவில் திறக்கின்றன, ஆனால் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. எனவே டி42-ஐயே பேஜ்மேக்கர் இயந்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை: எம்சாட்டா எஸ்எஸ்டியை (சிறிய அட்டை வடிவ டிஸ்க்) 44 பின் அடாப்டரில் மாட்டி உள்ளே போட வேண்டும். டி43 என்றால் தனக்குத் தெரியாத டிஸ்க்கைக் கண்டதும் 2010 என்ற எரரைக் காட்டும். டி42-இல் அந்தத் தொல்லை இல்லை. அடாப்டர் அந்த மாடிக் கடையில் இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன். கீபோர்டு வாங்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.