அபராதம் ஒரே நாளில் முடிந்தது, உரிமம் திரும்ப ஆறு மாதம் ஆனது

ஒரு சனிக்கிழமை இரவு, குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டேன். பின்னால் நண்பன் உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு முன்பே தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னதிலும் பாதி தவறு. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஊதுங்க சார்" என்றார் எஸ்.ஐ. "கொஞ்சம்தான் சார், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சு" என்றேன். கருவி 71 காட்டியது. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் வழக்கு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவில்தான் அதைக் குறைக்கும். காபியோ தண்ணீரோ முகம் கழுவுவதோ அந்த வேகத்தைக் கூட்டாது. அதாவது நான் இன்னும் மூன்று மணி நேரமாவது வண்டியைத் தொட்டிருக்கக் கூடாது. ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அதையே அரசுத் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு இடம் தருகிறது.

நண்பன் மீதும் வழக்குப் போட்டார்கள். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. "நான் ஓட்டலையே சார்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவனை ஏற்றிக்கொண்டு போனது நான்தான்.

வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். உரிமத்தை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தந்தார்கள். அண்ணன் வந்து எங்களைக் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ரசீது இருந்தால் ஓட்டலாம் என்று மறுநாள் ஒருவர் ஆலோசனை சொன்னார். அது தவறு. உரிமம் கைக்குத் திரும்பும்வரை அந்த ரசீதை வைத்து ஓட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்த வழக்கில் ரோட்டிலேயே அபராதம் கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 10,000 ரூபாய். 2019 செப்டம்பருக்கு முன் இது 2,000 ரூபாயாக இருந்தது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய், அல்லது இரண்டும். நண்பனுக்கும் 10,000. அவன் பணத்தையும் நானே கட்டினேன்.

பணம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது: உங்கள் உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக் கூடாது, விளக்கம் தருக. நீதிமன்றத் தண்டனை வேறு, உரிமம் மீதான நடவடிக்கை வேறு. 19-ஆவது பிரிவுப்படி, உத்தரவு போடுவதற்கு முன் நம் தரப்பைக் கேட்க வேண்டும். அந்த வாய்ப்பை யாரும் விடாதீர்கள். தபாலைப் பிரிக்காமல் போட்டுவைத்தால் நாம் இல்லாமலே முடிவாகிவிடும்.

நானே பதில் எழுதிக்கொண்டு போனேன். நடந்ததை மறைக்கவில்லை. முன்பு எந்த வழக்கும் இல்லை என்பதைச் சொன்னேன். "வேலைக்குப் போக வண்டி வேணும் சார்" என்றேன். அதிகாரி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எல்லாருக்கும் வேலை இருக்கு தம்பி. நீங்க யார் மேலயாவது மோதியிருந்தா அவங்களுக்கும் வேலை இருந்திருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு இத்தகைய வழக்குகளில் குறைந்தது மூன்று மாதம் என்று 2015-இலேயே வலியுறுத்தியிருக்கிறது. எனக்கு ஆறு மாதம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நான் செய்யவில்லை, உத்தரவு நியாயமானது என்றே எனக்குப் பட்டது.

பஸ்ஸில் போய் வருவது பழகிவிட்டது. பழகாதது வேறு. ஓர் இரவு அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பைக் வாசலிலேயே நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. தடையில் இருக்கும்போது ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும் என்பது தெரியும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் லுங்கியோடு வந்து காரை எடுத்தார். அப்பா சரியாகிவிட்டார். ஆனால் அந்தக் கதவு திறக்கும்வரை நின்ற ஐந்து நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை.

உரிமம் திரும்ப வேண்டுமென்றால் புத்தாக்கப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். இதுவும் 2019 திருத்தத்தில் வந்தது. வகுப்பில் என் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கு உரிமம் போனதும் சம்பளமே போய்விட்டது, மனைவி வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடியதாம். நடத்தியவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார். முதல் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் பிறகு பேனாவை எடுத்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். தடைக்காலம் முடியும் தேதி வந்துவிட்டது என்பதற்காக வண்டியை எடுத்துவிடாதீர்கள். மத்திய அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாஹனில் உரிம எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். எனக்குத் தேதி கடந்தும் தடை நீங்கியதாகப் பதிவாகவில்லை. பயிற்சி முடித்த சான்றிதழோடு மறுபடி அலுவலகம் போய்ச் சொன்னேன். இரண்டு நாளில் சரிசெய்தார்கள். அந்த இரண்டு நாளும் பஸ்தான்.