பனங்காட்டிலிருந்து கடற்கரைக்கு வந்த திருத்தொண்டர்

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிற மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்கு இரண்டு வருடமாக எனக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. பெரியம்மாவின் ஊர் மணப்பாட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஒரு சின்னப் பங்கு. போன ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வந்த முதல் ஞாயிறுக்கு வரச் சொல்லி அவரே போன் செய்தார். "புது டீக்கன் வாறாரு. வரவேற்புப் பூசையப் பார்த்துட்டு அப்படியே மணப்பாட்டுக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றார். டீக்கன் என்றால் திருத்தொண்டர், குருவுக்கு உதவியாகப் பணிசெய்யத் திருநிலைப்படுத்தப்பட்டவர். சரி என்று சனிக்கிழமை ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

காலையில் கோயில் மணி பெருநாளுக்கு அடிப்பது போல விடாமல் அடித்தது. நடுவில் ஒருமுறை தடுமாறி நின்று, மறுபடி தொடர்ந்தது. அடுத்த வீட்டில் ஒரு தாத்தா வாதத்தில் வலப்பக்கம் விழுந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வாலிபத்திலிருந்து அந்தக் கோயிலின் மணிக்கயிறு அவர் கையில்தான் இருந்தது. "யாரு வாறது?" என்று அவர் உள்ளிருந்து கேட்டது எங்கள் முற்றம் வரை வந்தது. "புது டீக்கன், அண்ணே!" என்று பெரியம்மா மதில் வழியாகவே பதில் சொல்லிவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊர் முகப்பில் இருக்கிற குருசடியில், அதாவது சிலுவை வைத்த சிற்றாலயத்தில்தான் வரவேற்பு. பேண்டு வாத்தியம், முத்துக்குடை, அன்பியம் என்கிற பங்குக் குழுவின் பெண்கள் எடுத்த ஆரத்தி, சிவப்பு அங்கியில் பீடச்சிறுவர்கள் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. வெள்ளை அங்கியில் நின்ற அந்த இளைஞருக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். சாத்தான்குளத்துப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மண்ணில் பனையேறுகிற குடும்பம் என்று, பங்கில் ஞானோபதேசம் சொல்லித்தருகிற உபதேசியார் அறிமுகம் செய்தார். கடற்கரைப் பங்கில் இதுதான் அவருக்கு முதல் முறையாம். பக்கத்தில் அவர் அப்பா நின்றார். மரத்தை அணைத்து அணைத்துக் காய்ப்பு ஏறிய முன்கைகளில் ஓர் ஓலைப்பெட்டி, அது நிறைய கருப்பட்டி. மகனுக்கு மாலை போடும்போதுகூட அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது அப்போதுதான்.

பூசையில் பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம். "சாமிக்கு ரெண்டு பக்கமும் தொங்குது, இவருக்கு மட்டும் ஏன் சரிவா கட்டியிருக்கு?" என்று காதோரம் கேட்டார். திருத்தொண்டர் இடது தோளிலிருந்து குறுக்காக இறக்கி, வலது இடுப்போரம் சேர்த்து அணிகிற ஸ்டோல் என்ற நீளத் துணிப்பட்டையைத்தான் சொன்னார். சாமி என்றது குருவானவரை. அதுதான் அவர்களுக்கான அடையாளம். மேல்துண்டைக் குறுக்கே கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்குகிறவரைப் போல எனக்குத் தோன்றியது. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தை நினைத்தால் அது பொருத்தமாகவே இருக்கிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறையீடு வந்தது. அதற்காகத்தான் ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரைத் தெரிந்தெடுத்துத் திருத்தூதர்கள் கைகளை வைத்து இறைவேண்டல் செய்தார்கள். திருத்தொண்டு என்ற பணியின் வேரைத் திருச்சபை அந்த ஏழு பேரிடம்தான் காண்கிறது. ஒரு திருநிலைப்பாட்டின் தொடக்கம் சோறு கிடைக்காத விதவைகளின் முறையீட்டில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் திருச்சபைமேல் பிரியம் கூடிப்போகிறது.

திருத்தொண்டர் திருப்பலி நிறைவேற்ற முடியாது, பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, நோயில்பூசுதல் கொடுக்கவும் முடியாது. நற்செய்தி வாசிக்கலாம், மறையுரை ஆற்றலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், இறந்தவர்களை அடக்கம் செய்யலாம், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகலாம். நம் பங்குகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குருப்பட்டத்துக்கு முந்தைய படியில் இருப்பவர்கள். மணமான ஆண்களும் வாழ்நாள் முழுக்கத் திருத்தொண்டராக இருக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழி திறந்தது. வேறு நாடுகளில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர் நற்செய்தி வாசித்தபோது முதல் இரண்டு வரியில் குரல் நடுங்கியது. அப்புறம் சரியாகிவிட்டது. மறையுரை ஐந்து நிமிடம்தான். தனக்குக் கடல் தெரியாது, காற்றின் பெயர் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். கோயிலின் வலப்பக்கத்தில் இருந்த ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் அப்பாவும் கூட நின்று கேட்டார். பனை உச்சியில் இருப்பவருக்கும் காற்று முக்கியம்தானே. சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அந்த ஓலைப்பெட்டி வெறுமனே திரும்பவில்லை. ஊர்ப் பெண்கள் அதில் கருவாட்டைக் கட்டி வைத்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் இரண்டு வேன்களில் மணப்பாடு போனோம். பங்கில் வேலை தொடங்குமுன் அங்கே போய் ஜெபிக்க வேண்டும் என்று திருத்தொண்டரே கேட்டிருந்தார். கடலுக்குள் நீண்டு நிற்கிற மணற்குன்றின்மேல் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். புயலில் தப்பிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் சிலுவை செய்து 1540இல் இங்கே நட்டார்கள் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இயேசுவின் மெய்யான சிலுவையின் சிறு துண்டு இங்கே வணக்கத்துக்கு இருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு இந்தக் குன்றில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று எங்களையும் காற்றையும் தவிர அதிகம் பேர் இல்லை. முழங்காலில் நின்று என் நேர்ச்சையைச் செலுத்தினேன். அது என்னோடு இருக்கட்டும்.

குன்றின் கடல்பக்கச் சரிவில் புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. 1542இல் அவர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் தெரியாது. கோவாவில் படித்த, இந்தக் கடற்கரையையே சேர்ந்த சில இளம் குருமாணவர்கள் அவரோடு வந்தார்கள். ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார் என்று அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. அந்தப் புனிதருக்கும் இந்த ஊர்க்காரர்கள்தான் வாயும் மொழியுமாக இருந்திருக்கிறார்கள். குகைக்குள் திருத்தொண்டர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் வேனில் உபதேசியாரிடம், இன்றைக்குப் பூசைக்கு வர முடியாமல் போனவர்கள் யார் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பெரியம்மா பின்சீட்டிலிருந்து, "எங்க பக்கத்து வீட்டு அண்ணன எழுதிக்கிடுங்க பிரதர், மணி அடிச்சவரு" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். தாத்தா வீட்டில் மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார்கள். நற்கருணை வாங்கிய பிறகு தாத்தா கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு அந்த ஸ்டோலைப் பார்த்துவிட்டு, "தியாக்கோனா?" என்று கேட்டார். டீக்கனுக்கான பழைய ஞானோபதேசச் சொல் அது.

"ஆமா தாத்தா."

"நேத்து மணி சரியில்ல. நடுவுல கயிறு தளர்ந்து போச்சு, விட்டுட்டான்."

"எப்படி இழுக்கணும் தாத்தா?"

தாத்தா இடது கையைத் தூக்கினார். திருத்தொண்டர் முக்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.