பெர்கன் முதல் ஆஸ்லோ வரை, வழி: கிருஷ்ணகிரி

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு நார்வே போய் வந்தோம். 'வந்தோம்' என்று எழுதியது பிழை, போனோம், அவ்வளவுதான். திரும்பி வருவதில் ஒரு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது.

லட்சுமி கொட்டகையில் இருக்கும்வரை நான் எங்கும் போக முடியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். என் கையைத் தவிர வேறு யார் கை மடியில் பட்டாலும் அது பாலை அடக்கிக்கொள்ளும். திருவண்ணாமலையில் என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்காக ஒரே ஓர் இரவு நான் தங்கியபோது, என் வீட்டுக்காரர் என் நைட்டியை மாட்டிக்கொண்டு, என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, செம்போடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். லட்சுமி திரும்பிப் பார்த்தது, முகர்ந்தது, பிறகு நிதானமாக உதைத்தது. அந்த உதையைவிட, சுற்றுச்சுவருக்கு அப்பால் நின்று எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது. காலை ஐந்தரைக்கு ஒரு கறவை, மாலை நாலரைக்கு ஒரு கறவை. என் பயணம் எதுவானாலும் இவற்றுக்கு இடைப்பட்ட பதினொரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். பதினொரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பக்கூடிய ஊர்களையெல்லாம் நான் பார்த்து முடித்துவிட்டேன். ஒகேனக்கல் பரிசல்காரர்கள் என்னைச் சொந்தக்காரியாகவே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

போக ஆசைப்படுகிறவளை எந்த ஊரில் வாழ வைத்திருக்கிறது விதி என்று பாருங்கள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தெரியும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற, 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தச் சாலை, டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எங்கள் துணிக்கொடிக்கு எதிரே வந்து புழுதி கிளப்புகிறது. துணி காயப்போடும் சாக்கில் நான் லாரிகளின் பதிவெண்களைப் படிப்பேன். பி.பி. என்றால் பஞ்சாப், ஆர்.ஜே. என்றால் ராஜஸ்தான், எச்.ஆர். என்றால் ஹரியானா. ஒரு பாவாடையைப் பிழிந்து உதறுவதற்குள் நான்கு மாநிலங்கள் போய்விடும். இதில் என்.எல். என்ற நாகாலாந்து லாரிகள் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறிய மலை மாநிலத்தில் இவ்வளவு லாரிகளை நிறுத்த இடம் ஏது என்று பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன். அங்கே பதிவுச் செலவு குறைவு என்பதால் மற்ற மாநிலத்துக்காரர்களும் அங்கேயே பதிவு செய்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நாகாலாந்தைப் பார்த்துவிட்டதாக அதுவரை நான் கணக்கு வைத்திருந்தேன்.

லாரிகளுக்குக் குறைவில்லை; ரயில்தான் இல்லை. மாவட்டத் தலைநகரம் என்று பெயர், ரயில் ஏற வேண்டுமென்றால் தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ ஓட வேண்டும். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற விவேக் எக்ஸ்பிரஸ்கூட ஜோலார்பேட்டையில் திரும்பி, மொரப்பூர் வழியாகச் சேலத்துக்குப் போய்விடுகிறது. அது மொரப்பூரைத் தாண்டுவதைக் கைப்பேசியில் பார்த்து, தோசை திருப்பியபடியே மனத்துக்குள் கையசைத்து அனுப்புவது என் வழக்கம். பிள்ளைகள் அதைக் கண்டு சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு இணையம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூகுளின் தெருக்காட்சியில் லிஸ்பன் நகரத்து ஆல்ஃபாமா பகுதியின் படிக்கட்டுச் சந்துகளில் நான் நடந்த தூரத்தை எங்கள் ரவுண்டானாவிலிருந்து நடந்திருந்தால் காவேரிப்பட்டினம் வந்திருக்கும். அங்கே ஒரு வீட்டு மாடியில் ஒரு சிவப்புப் போர்வை காய்கிறது. நான் முதலில் பார்த்தபோதும் ஈரமாக இருந்தது, சென்ற வாரம் பார்த்தபோதும் ஈரமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வெயிலாக இருந்தால் இந்நேரம் பத்துத் தடவை மடித்து வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

ரஷ்யாவின் கதை வேறு. மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரையிலான 9,288 கிலோமீட்டர் ரயில் பயணத்தை, ஜன்னல் வழியே தெரிவதை அப்படியே படம்பிடித்து, 2010-ஆம் ஆண்டு ரஷ்ய ரயில்வேயும் கூகுளும் இணையத்தில் வெளியிட்டன. ஏறக்குறைய 150 மணி நேரக் காட்சி அது. 2020 ஊரடங்கில், ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, நான் தவணை முறையில் அதில் ஏறிச் சைபீரியா வரை போய்விட்டேன். இர்குத்ஸ்க்கைத் தாண்டி, ஜன்னலில் பைக்கால் ஏரி தெரியத் தொடங்கிய நேரத்தில், கொட்டகையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார், மாடு ஈன்றுகொண்டிருந்தது. அன்று பிறந்த கிடாரிக்கு நான் பைக்கால் என்றுதான் பெயர் வைத்தேன். அத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று லட்சுமியாக மாற்றிவிட்டார். ஆம், அதே லட்சுமிதான். விளாதிவஸ்தோக் இன்னும் பாக்கி இருக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. 2009-இல் ஒரு வேலை செய்தது. பெர்கனிலிருந்து ஆஸ்லோ செல்லும் ரயிலில் கேமராக்களை வைத்து, ஏழு மணி நேரத்துக்கும் மேலான பயணம் முழுவதையும் வெட்டாமல் ஒளிபரப்பியது. அப்போது ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் பத்து லட்சம் பேருக்கு மேல் அதை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வழியில் 182 சுரங்கங்கள். அவை வரும்போதெல்லாம் அவர்கள் பழைய காட்சிகளையும் பேட்டிகளையும் போட்டு நிரப்பினார்கள். எனக்குக் கிடைத்ததோ அதே தடத்தில் ஓட்டுநர் அறையிலிருந்து யாரோ எடுத்திருந்த வேறொரு படம். அதில் நிரப்புதல் ஒன்றும் இல்லை. சுரங்கம் என்றால் இருட்டு, அவ்வளவுதான். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணி நேரம் என்பது கறவைக்கும் கறவைக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நான் சனிக்கிழமை இரவு சொன்னதுதான் தாமதம், அத்தை புளியை ஊறப் போட்டுவிட்டார். ஏழு மணி நேர ரயிலில் சோறில்லாமல் போவார்களா என்று கேட்டார். காலையில் புளிசோறும் நிப்பட்டும் தூக்குவாளியில் ஏறின. எட்டே முக்காலுக்கு நாங்கள் பெர்கனை விட்டுக் கிளம்பினோம். அத்தை தன் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பஸ்ஸிலும் அவருக்கு ஓட்டுநருக்குப் பின்னால்தான் இருக்கை வேண்டும். பர்கூர் தாண்டினாலே தலை சுற்றும் என் வீட்டுக்காரர், தண்டவாளம் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தவுடன் எழுந்து போய் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து முகர்ந்துகொண்டு சோபாவில் சாய்ந்தார். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனார். அவர்தான் அசலான ரயில் பயணி.

பெர்கன் மழைக்குப் பேர்போன ஊர். ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் அங்கே மழை. அன்றும் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வீணாகப் போகிற தண்ணீரைப் பார்க்க அத்தைக்குப் பொறுக்கவில்லை. ஓரமாக ஒரு பியோர்டு வந்தபோது அது அணையா, எத்தனை அடி என்று கேட்டார். எங்கள் கே.ஆர்.பி. அணை 52 அடி என்பதால் அவருக்கு உலகத்துத் தண்ணீரெல்லாம் அந்தக் கணக்கில்தான் அளக்கப்படும். இது கடல்தான், மலைக்குள் நுழைந்திருக்கிறது, வடக்கே இருக்கும் சோக்ன பியோர்டு 1,300 மீட்டர் ஆழம், அதாவது நாலாயிரம் அடிக்கு மேல் என்று நான் விளக்கினேன். "கடல் தண்ணியா, அப்போ விவசாயத்துக்கு ஆகாது" என்று அதை ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்துவிட்டார். பெர்கனை ஒட்டிய ஏழரைக் கிலோமீட்டர் சுரங்கத்திலேயே, ரயில் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று சொல்லி ஒலியையும் நிறுத்தச் செய்திருந்தார். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுப் பணம் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா வாஸ் நிலையத்தில் ஏறினார். ஐந்து நிமிடம் உட்காருகிறேன் என்றவர் நிப்பட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டார். ரயில் மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் பனியானது. அங்கே என்ன வெள்ளாமை என்று அத்தை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வெள்ளாமை இல்லாத இடத்துக்கு எதற்காக ரயில் விட்டார்கள் என்று அக்காவும் அவரும் சேர்ந்து என்னை விசாரித்தார்கள். 1909-இல் அந்தப் பாதையைத் திறந்தவளே நான்தான் என்பதுபோல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பனி குவியாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு மேல் மரக்கூரை போட்டிருக்கும் இடம் வந்தபோது அத்தை சோபாப் பக்கம் திரும்பி, "தண்டவாளத்துக்கே கூரை போட்டிருக்கான், மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமாச்சு" என்றார். தூங்கிக்கொண்டிருந்தவர் இன்னும் ஆழமாகத் தூங்கினார்.

அடுத்து பின்சே சுரங்கம் வரும், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இந்தப் பாதையின் மிக உயரமான இடமே அதற்குள்தான் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 1,237 மீட்டர் என்றெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். திரை இருண்டது. நாங்கள் காத்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. மலையைக் குடைந்தவர்களின் உழைப்பைப் பற்றி அக்கா உருக்கமாகப் பேசினார். அத்தை தூக்குவாளியைத் திறந்து, சுரங்கம் முடிவதற்குள் சாப்பிட்டுவிடலாம், வெளியே போனால் பனி பார்க்க வேண்டும் என்றார். இலை போட்டுப் புளிசோறு சாப்பிட்டு முடிக்கும்போது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்போது அக்காவின் கைப்பேசி அடித்தது. கரண்ட் போய் அரை மணி நேரமாகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினாயா என்று அவர் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். "இருங்க, நாங்க இன்னும் சுரங்கத்துக்குள்ளதான் இருக்கோம்" என்று பதில் சொன்ன அக்கா, பாதியில் நிறுத்தி, மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இன்வெர்ட்டரில் மின்விசிறிக்கும் விளக்குக்கும்தான் இணைப்பு, தொலைக்காட்சிக்கு இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. ஒலி ஏற்கெனவே அடங்கியிருந்தது. மறுபடி மின்சாரம் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சிக்னல் கிடைக்காமல் ரயில் நிற்பது எங்கும் உள்ளதுதானே என்று அத்தை மட்டும் கலங்காமல் இருந்தார்.

அந்த நிறுத்தத்தில்தான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறிய ரயில்பாதை வந்தது. சுதந்திரத்துக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது அதில் போயிருக்கிறாராம். அந்த ரயில் எப்படிக் கூவும் என்று சாகும்வரை பேத்திகளுக்குக் கூவிக் காட்டுவாராம். அத்தையும் ஒரு முறை கூவிக் காட்டினார். பிறகு இலையை மடித்தபடி, "நான் பொறக்கறதுக்குள்ள அது நின்னுடுச்சு. அப்புறம் எதுலயும் ஏறல" என்றார். எழுபத்தொன்பது வயது. திருப்பதிக்கும் பழநிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் வந்தவர்தான், எல்லாம் பஸ்ஸில். வாசலிலேயே பஸ் வரும்போது ரயிலுக்கு எங்கே ஓடுவது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே சமையலறையில் நிற்கிறோம், எனக்கு இது தெரியாது.

அக்கா கெய்லோவில் இறங்கித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் போனார். வீட்டுக்காரர் ஹோனெபாஸ் வரும்போது எழுந்து, நார்வே வந்துவிட்டதா என்று கேட்டார். நாலரைக்கு லட்சுமி குரல் கொடுத்தது. நான் எழுந்தேன். ஊர் வருகிற நேரத்தில் யாராவது எழுந்து நிற்பார்களா என்று அத்தை என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். ஐந்தரைக்கு ஆஸ்லோ நிலையத்தில் ரயில் நின்றது. நான் செம்போடு ஓடினேன். அதற்குள் லட்சுமி கோபத்தில் பாலை அடக்கிக்கொண்டு, அரை லிட்டருக்கு மேல் தரவில்லை. பைக்கால் என்ற பெயரை மாற்றிய பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சொசைட்டி வண்டியும் போய்விட்டிருந்தது.

கைகால் கழுவி உள்ளே வந்தபோது அத்தை அணைந்த திரையின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பி வருகிற ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். படம் அவ்வளவுதான் அத்தை, முடிந்துவிட்டது என்றேன்.

"போன ஊர்லயே விட்டுட்டு வந்துடுவாங்களா? வூட்டுக்கு எப்படி வர்றது?"

மூன்று நாளாக ஆஸ்லோவிலிருந்து பெர்கன் திரும்பும் படத்தைத் தேடுகிறேன். கிடைப்பவையெல்லாம் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒன்று பின்சேவிலேயே முடிந்துவிடுகிறது, அந்தப் பனியில் அவரை இறக்கிவிட முடியாது. இன்று புதன்கிழமை. சற்று முன் சமையலறைக்குப் போனேன். மேடைமேல் புளி ஊறிக்கொண்டிருக்கிறது.