சி மொழி நிரலில் வைத்த என்விரான்மென்ட் வேரியபிள் ஏன் தங்குவதில்லை?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் லோரி எடை போடும் அறைக்கு நிரல் எழுதும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, புட்என்வ் போட்டேன், நிரலுக்குள்ள கேட்டா சரியாச் சொல்லுது, மூடிட்டு வேற விண்டோவில பார்த்தா ஒண்ணும் இல்ல." என்விரான்மென்ட் வேரியபிள் என்றால் நிரல்கள் படித்துக்கொள்ளப் பெயர் போட்டு வைத்திருக்கும் ஒரு மதிப்பு, அதை வைக்கும் சி ஃபங்ஷன்தான் புட்என்வ். குலை எடைக் கோப்பு எந்த ஃபோல்டரில் விழ வேண்டும் என்பதை ஒரு வேரியபிளில் வைத்து, கிராணி பார்க்கும் கணக்கு நிரலும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலும், பிறக்கும்போது இந்த வேரியபிள்களில் தனக்கென ஒரு நகலை வாங்கிக்கொள்கிறது. புட்என்வ் ஆகட்டும், விண்டோஸின் செட்என்விரான்மென்ட்வேரியபிள் ஆகட்டும், மாற்றுவது அந்த நகலை மட்டும்தான். அந்த நிரல் தொடங்கிவைக்கும் பிள்ளை நிரல்களுக்கு அது போய்ச் சேரும், தாய்க்குத் திரும்பாது. லினக்ஸிலும் இதே கதைதான்.

விண்டோஸில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால், அது தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதணும். ஒரு பயனருக்கு மட்டும் என்றால் ஹெச்கீ கரண்ட் யூசரின் கீழ் இருக்கும் என்விரான்மென்ட் கீ (கீ என்பது ரெஜிஸ்ட்ரிக்குள் ஃபோல்டர் மாதிரி). கணினி முழுவதற்கும் என்றால் ஹெச்கீ லோக்கல் மெஷினில் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், என்விரான்மென்ட் என்று இறங்கிப் போக வேண்டும், அதற்கு அட்மின் உரிமை வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எழுதும் ஃபங்ஷனான ரெஜ்செட்வேல்யூஎக்ஸ் கேட்கும் நீளம் பைட்டில், சரத்தின் முடிவைக் குறிக்கும் நல் (null) எழுத்தையும் சேர்த்து. மதிப்புக்குள் சதவீதக் குறி போட்ட வேறொரு வேரியபிள் இருந்தால், அதை விரித்துப் படிக்கச் சொல்லும் ரெக் எக்ஸ்பாண்ட் எஸ்இசட் வகையாக எழுதணும்.

எழுதிவிட்டால் போதாது, ஊருக்குச் சொல்ல வேண்டும். சென்ட்மெசேஜ்டைம்அவுட் வழியாக எல்லா விண்டோவுக்கும், அமைப்பு மாறியது என்று சொல்லும் டபிள்யூஎம் செட்டிங்சேஞ்ச் செய்தி, கடைசி அளவுருவில் "என்விரான்மென்ட்" என்ற சரம். வெறும் சென்ட்மெசேஜ் வேண்டாம், எங்கேயோ தொங்கிக் கிடக்கும் ஒரு விண்டோ பதில் சொல்லும்வரை உங்கள் நிரலும் சேர்ந்து தொங்கும். செய்தியை டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர் கேட்டுக்கொள்ளும், அதிலிருந்து புதிதாகத் திறப்பவை புது மதிப்பைப் பார்க்கும். ஏற்கனவே திறந்திருக்கும் கமாண்ட் விண்டோவுக்கு எதுவும் தெரியாது, மூடித் திறக்கணும்.

இவ்வளவு பாடு எதற்கு, சி-யிலிருந்து, வேரியபிளை நிலையாக வைக்கும் விண்டோஸின் செட்எக்ஸ் கட்டளையைக் கூப்பிட்டால் ஆகாதா என்பார்கள். சின்ன மதிப்புக்கு ஆகும். ஆனால் நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத் வேரியபிளில் தயவுசெய்து அதை வைத்து விளையாடாதீர்கள். 1024 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும், சதவீதக் குறி போட்டுப் பழைய பாத்தை இழுத்தால் சிஸ்டம் பாத்தும் பயனர் பாத்தும் ஒன்றாகக் கலந்து போய் உட்காரும். அடுத்தவர் கணினியில் அதைச் செய்வது பெரிய தப்பு.

தம்பியின் அறையில் பகல் கிராணி ஒரு லாகின், இரவு கிராணி வேறு லாகின். அதனால் பயனர் கீ உதவாது. சிஸ்டம் கீயில், நிரலை நிறுவும்போதே அட்மினாக ஒருமுறை எழுதிவிடச் சொன்னேன். நிரலை நீக்கும்போது ரெஜ்டிலீட்வேல்யூ போட்டு அதை அழிக்கணும், அப்புறம் மறுபடியும் அதே அறிவிப்பு.