இடது கை

பிப்ரவரி 4
ஓவியக் கண்காட்சிக்கு என் படங்களைத் தரச் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது.

பிப்ரவரி 5
ஆறு படம் வேண்டுமாம். பீரோ மேலிருந்து எல்லாவற்றையும் இறக்கி ஹாலில் பரப்பினேன். ராத்திரி பார்த்தபோது நாலாவது தேறும்போல இருந்தது. காலை வெளிச்சத்தில் ஒன்றுகூட இல்லை. அத்தை காபி டம்ளரோடு படங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். "எல்லாம் புதுமண்டபமாவே இருக்கு. ஒரு மீனாட்சிய வரையக் கூடாதா?"

பிப்ரவரி 7
தூக்கம் வராமல் டேனியல் வரைந்த புதுமண்டபப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்தது 1792-ல். அதே நடுப்பாதை, இரண்டு பக்கமும் தூண்கள், உள்ளே போகப் போகக் கறுத்துக்கொண்டே போகும் நிழல். எனக்கு இன்றைக்கும் பிடிபடாத நிழல். அப்புறம் 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் கேமராவோடு வந்து மதுரையையே படமெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனைக்கும் மேல் நான் எதற்கு?

ஆனால் ஒன்று. டேனியல் படத்தில் தையல் மெஷின் கிடையாது. இருக்க வழியுமில்லை, சிங்கர் பேட்டன்ட் வாங்கியதே 1851-ல்தான். மீனாட்சி கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய இந்தப் புதுமண்டபத்தில், தூணோரம் உஷா மெஷினைப் போட்டு, சித்திரைக்கு அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டையும் உருமா என்கிற தலைப்பாகையும் தைத்துக் கொடுத்தவர்களை நான் எதிரே உட்கார்ந்து வரைந்தேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயாயிற்று. இனி யாரும் அங்கே போய் அதை வரைய முடியாது. இப்படிச் சொல்லிக்கொண்டால் ஐந்து நிமிஷம் தெம்பாக இருக்கிறது. அப்புறம் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பிப்ரவரி 8
தையல்காரர் பாயின் இடது கை. துணியை ஊசிக்குக் கொடுக்கிற கை. என் படத்தில் அது துணிமேல் சும்மா கிடக்கிறது.

பிப்ரவரி 10
இன்று அதைத் திருத்த உட்கார்ந்தேன். வாட்டர்கலரில் வெள்ளை என்பது பேப்பர்தான். ஒருமுறை மூடிவிட்டால் போச்சு. ஈர பிரஷ்ஷால் கொஞ்சம் சுரண்டி எடுக்கலாம், கூடப் போனால் பேப்பர் பிசிறு விடும். நனைத்த பிரஷ்ஷை அந்த விரல்கள் மேல் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ. ஒரு சொட்டு விழப் போனது. கழுவி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11
ஆபீசில் ஆடிட். நல்லதாய்ப் போயிற்று.

பிப்ரவரி 13
ஃபிரேம் கடை. தம்பி மவுண்ட் போர்டைச் சாய்வாகச் சீவி பாய் படத்தின் மேல் வைத்தான். என்னதான் செய்தானோ, சட்டென்று அது ஒரு படம் மாதிரி ஆகிவிட்டது. "யாருக்கா வரைஞ்சது?" தெரிஞ்சவங்க என்றேன். "கீழ உங்க பேரு போட்டிருக்கு?"

பிப்ரவரி 14
எதற்குப் பயப்படுகிறேன் என்று பிடித்துவிட்டேன். ஓவியர்கள் வருவார்கள், வாஷ், அதாவது நீர்த்த வண்ணப்பூச்சு, கலங்கியிருக்கிறது என்பார்கள். அது எனக்கே தெரியும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் பாய் வந்து பார்த்தால்? கையைப் பற்றி அவருக்குத் தெரியாததா? கூப்பிடாமல் விட்டுவிடலாம். அவர் மூஞ்சியை அவருக்கே தெரியாமல் மாட்டி வைப்பது திருட்டு மாதிரியும் இருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "கூப்பிடு, இல்ல கூப்பிடாத. ஒரு மணிக்கு லைட்டப் போடாத."

பிப்ரவரி 16
குன்னத்தூர் சத்திரம் போனேன். பாய்க்கு இப்போது டியூப்லைட் வெளிச்சம், ஷட்டர் கடை. பேசிக்கொண்டே தைத்தார். நான் கையையே பார்த்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் துணியை அகட்டிப் பிடிக்கின்றன, நடுவிரல்கள்தான் தள்ளுகின்றன. வருஷக்கணக்காக எதிரே உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன்! விஷயத்தைச் சொன்னேன். "ஆர்டர் நெருக்குதேம்மா, பாக்குறேன்" என்றார். வரமாட்டார். பஸ்ஸில் அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கோபம். வந்தால்தான் என்னவாம்?

பிப்ரவரி 18
சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். நிம்மதி.

பிப்ரவரி 19
வந்துவிட்டார்! சாயங்காலம், பேரனைக் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். கை? கையை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "786 எங்கம்மா?" என்றார். மெஷின் தலைமேல் ஒட்டியிருந்தாராம். அப்புறம் மடியில் கிடந்த சிவப்புத் துணியைக் காட்டி, "இது சல்லடத்துக்கு வெட்டினது" என்று பேரனிடம் சொன்னார். அது சிவப்பு, அவ்வளவுதான் தெரிந்து நான் அடித்த வண்ணம். தூணின் அடியைத் தொட்டு, "இங்கதான்டா கத்திரி வைப்பேன்." நான் வரைந்ததில் கத்திரி இல்லை. அவருக்குத் தெரிந்தது போல.

டீ வாங்கிக் கொடுத்தேன். கடையைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்து, நிழலில் கறுப்பு கூடிவிட்டது, நீலம் கலந்திருக்கலாம் என்றார். ஆமாம் சார், அடுத்ததில் பார்க்கிறேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. அடுத்தது என்று எப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 20
பாய் படத்துக்கு யாரோ விலை கேட்டார்களாம். பேப்பர், ஃபிரேம், கண்ணாடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், அது விலை ஆகாது. "மனசுல ஒரு நம்பர் இருக்கும்ல, அதச் சொல்லு" என்கிறார் இவர். இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், அடித்தேன், ஒரு சைபரை எடுத்தேன், திரும்பப் போட்டேன். விற்காமலே விட்டால் என்ன? பாயிடம் கேட்க வேண்டாமா? காலை பத்து மணிக்குள் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.